சம்பளத்தில் கழியும் காப்புறுதியும் ஒழுங்கையில் இருந்த வைத்தியரும்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், தமது வீட்டு முன்னறையையே மருந்தகமாக வைத்திருந்த எங்கள் வைத்தியர், சென்ற ஆண்டு சித்திரை வருடப்பிறப்போடு தொழிலை நிறுத்திக்கொண்டார். வயது எண்பதை நெருங்கிவிட்டது. கனடாவில் இருக்கும் மகள், தம்மோடு வந்து இருக்கும்படி பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக் காய்ச்சல், தடிமன், பிள்ளைகளின் சிரங்கு, என் மனைவியின் பிரஷர் என்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எல்லாவற்றையும் பார்த்தவர் அவர்.

அவருடைய விறாந்தையில் இரண்டு வாங்குகள் இருக்கும். உள்ளே ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் மர லாச்சிகள். ஒவ்வொரு லாச்சியிலும் ஒழுங்கைவாரியாக அட்டைகள் அடுக்கப்பட்டிருக்கும். புதிதாக வருபவரிடம் பெயரைக் கேட்பதற்கு முன்னர் எந்த ஒழுங்கை என்றுதான் கேட்பார். மருந்து கட்டித் தருபவர், குளிசைகளைச் சிறிய கடதாசி உறைகளில் போட்டு, காலை, பகல், இரவு என்பதற்கு உறையின் மேல் கோடு கீறித் தருவார். பார்த்த கூலியும் மருந்தின் விலையும் சேர்த்து ஒரே தொகை. பற்றுச்சீட்டு என்று ஒன்றை நாங்கள் கேட்டதும் இல்லை, அவர்கள் தந்ததும் இல்லை. இதை ஏன் குறிப்பிடுகிறேன் என்பது பின்னால் விளங்கும்.

கடைசியாக நாங்கள் போன மாலையில், எங்கள் அட்டையை லாச்சியிலிருந்து எடுத்து மனைவியின் கையில் கொடுத்தார். “இனி இதை நீங்கள்தான் வைச்சிருக்க வேணும். எந்த டொக்டரிட்டப் போனாலும் கொண்டுபோங்கோ” என்றார். முதல் வரியில் இருந்த திகதி 2002 ஆம் ஆண்டுக்குரியது. மனைவியின் எடை, இரத்த அழுத்தம், சீனி எந்த ஆண்டில் எல்லையைத் தொட்டது, எந்த மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதெல்லாம் அவரது சிறிய, சாய்ந்த எழுத்தில் இருந்தன. அந்த அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள் முதலியன இருக்கும் கோப்புக்குள் பத்திரமாக வைத்தோம். அது நாங்கள் விட்ட முதல் பிழை.

நான் கொழும்பிலுள்ள ஓர் அரச திணைக்களத்தில் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தராக இருக்கிறேன். சம்பளச் சிட்டையில் மாதாமாதம் ‘அக்ரஹார’ என்று, அரச ஊழியருக்கான மருத்துவக் காப்புறுதியின் பதிவு ஒன்று வரும். அதற்கு எதிரே ஒரு கழிவு. இத்தனை ஆண்டுகளில் அந்தப் பதிவை நான் ஊன்றிப் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். குடலிறக்கத்துக்காகத் தனியார் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஆண்டில். அப்போது செலவின் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. ஆகவே, புதிய வைத்தியரைத் தேடத் தொடங்கியபோது என் மனதில் இருந்த கேள்வி மிக எளிமையானது: அரச காப்புறுதியை ஏற்றுக்கொள்ளும் ஒரு குடும்ப வைத்தியர் வெள்ளவத்தைப் பக்கத்தில் யார் இருக்கிறார்?

ஒரு சனிக்கிழமை காலையில் தொடங்கினேன். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை என்று ஏழு இடங்களில் கேட்டேன். சில இடங்களில் அக்ரஹார என்ற சொல்லைக் கேட்டதுமே, அது வாட்டில் அனுமதிக்கப்படுபவர்களுக்குரியது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு சிறிய மருந்தகத்தில் இலக்கம் கொடுக்கும் பிள்ளை, நான் என்ன கேட்கிறேன் என்பது விளங்காமல், “ஐயா, இஞ்ச காசு மட்டும்தான், காட் எடுக்கிறேல்லை” என்றாள். கடன் அட்டையைப் பற்றிக் கேட்பதாக அவள் நினைத்துவிட்டாள். ஓரிடத்தில் வைத்தியரே வெளியே வந்து, தாம் பதினைந்து ஆண்டுகளாக இந்தத் தொழிலைச் செய்வதாகவும் இப்படி ஒரு கேள்வியை ஒருவரும் தம்மிடம் கேட்டதில்லை என்றும் மரியாதையாகச் சொன்னார். அதன் பிறகுதான், கேள்வியிலேயே ஏதோ பிழை இருக்கிறது என்ற எண்ணம் எனக்கு வந்தது.

அடுத்த திங்கட்கிழமை, எங்கள் அலுவலகத்தில் காப்புறுதி விண்ணப்பங்களைக் கையாளும் சிங்கள நண்பர் அரை மணித்தியாலம் ஒதுக்கி எனக்கு விளக்கினார். அக்ரஹார திட்டத்தை நடத்துவது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம். 2006 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நிறுவனம் அது. அரச ஊழியரும் அவரது துணைவரும், தங்கி வாழும் பிள்ளைகளும் அதற்குள் அடங்குவர். அடிப்படைத் திட்டத்துக்கு மேலாக, கூடுதல் பணம் கட்டுபவர்களுக்கு வெள்ளி, தங்கம் என்ற பெயர்களில் இரு திட்டங்கள் உண்டு. தனியார் வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்றால் செலவில் ஒரு பகுதி, சத்திரசிகிச்சைக்கு வரையறுக்கப்பட்ட தொகை, பிள்ளைப்பேறு, மூக்குக்கண்ணாடி, அரச வைத்தியசாலை வாட்டில் இருந்தாலும் நாளொன்றுக்கு ஒரு தொகை என்று அதன் பயன்கள் விரியும். ஆனால் எல்லாவற்றுக்கும் முதுகெலும்பு வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவதுதான். நாமே பணத்தைக் கட்டி, நோய் நிர்ணய அட்டையையும் மூலப் பற்றுச்சீட்டுகளையும் இணைத்து, திணைக்களத் தலைவரின் கையொப்பத்தோடு அனுப்பிப் பின்னர் பெற்றுக்கொள்ள வேண்டிய பணம் அது. காய்ச்சலுக்கு ஒரு வைத்தியரிடம் போய் மூன்று நாளைக்கு மருந்து எடுத்ததற்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

இந்தத் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. என் சத்திரசிகிச்சையின்போது அது கைகொடுத்தது. அந்தப் பணம் வந்திராவிட்டால் மகளின் கல்விக்கென்று சேர்த்ததில் கை வைத்திருக்க வேண்டும். ஆனால் நம் நாட்டின் சுகாதார சேவை எப்படி இருக்கிறது என்பதை ஒரு கணம் யோசித்தால் மனம் சஞ்சலப்படுகிறது. வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெறுபவர்களில் மிகப் பெரும்பாலானோர் அரச வைத்தியசாலைகளுக்கே போகிறார்கள். அங்கே வாட்டும் இலவசம், சத்திரசிகிச்சையும் இலவசம். மக்கள் தங்கள் சட்டைப்பையிலிருந்து காசை எடுப்பது பெரும்பாலும் வாட்டுக்கு வெளியேதான். வெளிநோயாளராக மருந்து எடுப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தனியாரிடம் போகிறார்கள். அதாவது, அரசாங்கம் ஏற்கெனவே இலவசமாகத் தரும் பக்கத்தில் காப்புறுதியும் சேர்ந்து நிற்கிறது. நாம் தனியாகச் செலவழிக்கும் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

இதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் காரணம் அல்ல என்பதை நண்பரின் மேசையில் குவிந்திருந்த கோப்புகளைப் பார்த்தபோது உணர்ந்தேன். காப்புறுதி என்பது கடதாசியில் வாழ்கிறது. நோயின் பெயர், திகதி, முத்திரை, விபரமான பற்றுச்சீட்டு இவை இல்லாமல் அது ஒரு ரூபாவையும் வெளியே விட முடியாது. எங்கள் ஒழுங்கை வைத்தியரோ ஞாபகத்திலும் கைராசியிலும் வாழ்ந்தவர். கடதாசி உறையில் கோடு கீறித் தந்த குளிசைக்கு யார் எந்தப் படிவத்தில் என்ன எழுதுவது? இந்த நாட்டில் எந்த வைத்தியரிடமும் குடும்பமாகப் பதிந்துகொள்ளும் வழக்கம் இல்லை. விசேட வைத்தியரிடம் போவதற்கு ஒருவருடைய கடிதமும் வேண்டியதில்லை. குடும்ப வைத்தியர் என்பது நாமாகவே ஒருவருக்குக் கொடுத்துவைத்த பெயர். மருத்துவத் துறைக்குள் அதற்கு முறையான இடம் இருக்கத்தான் செய்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் குடும்ப மருத்துவத்தில் டிப்ளோமாவும் எம்.டி. பட்டமும் வழங்குகிறது. ஆனால் காப்புறுதிப் படிவத்தில் அந்தப் பெயருக்கு ஒரு கட்டமும் கிடையாது.

புதியவரைக் கண்டுபிடிக்கும்வரை நாங்கள் செய்தது கொழும்பில் எல்லாரும் செய்வதுதான்: சனல் பண்ணினோம், அதாவது தனியார் வைத்தியசாலையில் விசேட வைத்தியருக்கு முன்பதிவு செய்து, காசு கட்டிப் பார்த்தோம். மனைவிக்குத் தலை இடித்தபோது இதய விசேட வைத்தியரைச் சனல் பண்ணினோம். கால் வீங்கியபோது வேறொருவர். முழங்கால் நொந்தபோது எலும்பு விசேட வைத்தியர். ஒவ்வொரு தடவையும் 3,000 ரூபாவுக்கு மேல், மருந்து புறம்பு. ஒவ்வொருவரும் தமது துறையில் கெட்டிக்காரர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மாலை ஆறு மணிக்குத் தொடங்கி நாற்பது பேரைப் பார்த்து முடிக்க வேண்டிய ஒருவர், நான்கு நிமிடங்களுக்குள் தமக்கு முன்னால் இருக்கும் காலைத்தான் பார்ப்பார். அந்தக் காலுக்கு உரியவளின் இருபது ஆண்டுகளைப் பார்க்க அவருக்கு வழியில்லை. ஐந்து மாதங்களில் என் மனைவி எடுத்த குளிசைகள் இரண்டிலிருந்து ஏழாயின. நடையும் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சம்மாங்கோடு கோயிலுக்கு நடந்து போய் வந்தவர், ஒழுங்கை முடிவிலுள்ள கடைக்குப் போகவும் யோசிக்கத் தொடங்கினார்.

இடையில் அரச வைத்தியசாலை ஒன்றின் கிளினிக்கிலும் பதிந்தோம். அதைப் பற்றி நன்றியோடு சொல்ல வேண்டும். அதிகாலையில் போய் இலக்கம் எடுத்து, வாங்கில் மூன்று, நான்கு மணித்தியாலம் இருக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு மாதமும் வேறொரு வைத்தியர்தான் பார்ப்பார். ஆயினும் சீனிக்கும் பிரஷருக்கும் ஒரு மாதத்துக்குரிய குளிசைகளைக் கையில் ஒரு சதமும் வாங்காமல் தருகிறார்கள். இரத்தப் பரிசோதனையும் செய்கிறார்கள். 2022 இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பாமசி பாமசியாக அலைந்தவர்களுக்குத்தான் அந்த ஒரு மாத மருந்தின் பெறுமதி தெரியும். கிளினிக் கொப்பியை ஒழுங்காகப் பேணினால், அடுத்த மாதம் வேறொரு வைத்தியர் இருந்தாலும் முந்தியவர் எழுதியது அவருக்குத் தெரியும். எங்களுடைய குறை வேறு. தனியாரிடம் எடுத்த குளிசைகள் கிளினிக் கொப்பியில் இல்லை. கிளினிக்கில் எடுத்தவை தனியார் வைத்தியர்களின் சிட்டைகளில் இல்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எங்களிடம் ஒருவரும் இல்லை.

கொழும்பு நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு இன்னும் சில இடங்கள் உண்டு என்பதையும் இந்த அலைச்சலில்தான் அறிந்தேன். மாநகர சபை தன்னுடைய இலவச மருந்தகங்களைப் பல வட்டாரங்களில் நடத்துகிறது. 2011 முதல் சுகாதார அமைச்சு அமைத்துவரும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில், நோய் வருவதற்கு முன்னரே பிரஷர், சீனி, எடை முதலியவற்றைப் பார்த்துச் சொல்கிறார்கள். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்கென்று 1996 இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குகள் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளில் நடக்கின்றன. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனை அங்கே இலவசம். என் மனைவி வாழ்நாளில் ஒரு தடவையும் அங்கே போனதில்லை. வெட்கம் ஒரு காரணம். அப்படி ஒன்று இருப்பதை எவரும் அவருக்குத் தமிழில் எடுத்துச் சொல்லாதது அதைவிடப் பெரிய காரணம்.

இதற்குப் பிறகு நான் கேள்வியை மாற்றினேன். காப்புறுதியை ஏற்பாரா என்று கேட்பதை விட்டேன். தொலைபேசியில் எடுத்தவுடன் மூன்று விடயங்களைத்தான் கேட்டேன்: தமிழ் பேசுவாரா, ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் குறிப்பு எழுதி வைத்துக்கொள்வாரா, தேவைப்பட்டால் கிளினிக் வைத்தியருக்குக் கடிதம் எழுதித் தருவாரா. இரண்டாவது கேள்விக்கே பல இடங்களில் மௌனம்தான் பதில். ஆம் என்று சொன்ன இருவரின் பெயர்களை இலங்கை மருத்துவ சபையின் இணையப் பதிவேட்டில் தேடிப் பார்த்தேன். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பதிவில் இருப்பவர்தான் வைத்தியர். வெள்ளை மேலங்கியும் கதவில் தொங்கும் பலகையும் அதற்கு ஈடாகமாட்டா. பம்பலப்பிட்டியில் ஒரு தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் இருந்த பெண் வைத்தியர் ஒருவருக்கு, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்கு மேல் குடும்ப மருத்துவத்தில் டிப்ளோமாவும் இருந்தது. தொலைபேசியில் கதைத்தவர், “வீட்டில இருக்கிற எல்லாக் குளிசையையும் எடுத்துக்கொண்டு வாங்கோ, பழைய துண்டு எல்லாத்தையும் சேர்த்து” என்று சொன்னபோதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அந்த மாலையை விபரமாகவே எழுதுகிறேன். மனைவி ஒரு சொப்பிங் பையில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வைத்தியர் மேசையில் இருந்தவற்றை ஒதுக்கி, ஒரு வெள்ளைத் தாளை விரித்து, குளிசைத் தட்டுகளை ஒவ்வொன்றாக அதன் மேல் அடுக்கினார். எந்த மாதத்தில் எதைத் தொடங்கினார்கள் என்று கேட்டுக் கேட்டு, வந்த ஒழுங்கில் வைத்தார். இரண்டு பெட்டிகளின் பெயர்களும் நிறங்களும் வேறு, கம்பனிகளும் வேறு. அவற்றின் கீழே சிறிய எழுத்தில் இருந்த மருந்தின் பெயரை விரலால் காட்டினார்: இரண்டும் லொசார்டன் என்ற பிரஷர் மருந்து. ஒன்று கிளினிக்கில் தந்தது, மற்றது சனல் பண்ணிய இடத்தில் எழுதியது. நாங்கள் ஒரே மருந்தை இரண்டு தடவை விழுங்கிக்கொண்டிருந்தோம்.

பிறகு மனைவியிடம் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் வழக்கம்போல முந்திக்கொண்டு, கால் நோகிறதாம் என்றேன். கடந்த ஐந்து மாதங்களில் ஒவ்வொரு வைத்தியரிடமும் நான் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிச் சொன்னது அதைத்தான். மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தினார். “எனக்குக் கால் நோகேல்லை டொக்டர். பகலில பாரமாய்க் கிடக்கும். இரவில கெண்டைக்கால் உளையும், பிறகு இழுத்துப் பிடிக்கும்” என்றார். பாரம், உளைவு, பிடிப்பு என்று அவர் மூன்றாகப் பிரித்துச் சொன்னதை நான் ஐந்து மாதங்களாக ஒரே சொல்லுக்குள் அடைத்து மற்றவர்களிடம் ஒப்படைத்திருக்கிறேன். வடமராட்சியில் பிறந்த ஒரு பெண்ணுக்கு நோவும் உளைவும் ஒன்றல்ல. அந்த வித்தியாசம் வைத்தியருக்கு உடனே விளங்கியது. அவர் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். தமிழ் பேசும் வைத்தியர் வேண்டும் என்று நான் கேட்டதைச் சிலர் இனப்பற்று என்று நினைத்திருக்கலாம். நோயைச் சரியாகச் சொல்வதற்கு நோயாளியின் சொல் வேண்டும் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

அதன் பிறகுதான் கோப்பிலிருந்து பழைய அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் பொறுமையாக, வரி வரியாகப் படித்தார். நடுவில் ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தி, எங்களுக்கு வாசித்துக் காட்டினார். அம்லோடிபின் என்ற பிரஷர் மருந்தைப் பற்றிய 2015 ஆம் ஆண்டுப் பதிவு அது: அம்லோடிபின் 10 மில்லிகிராம், இரண்டு காலும் வீக்கம், 5 மில்லிகிராமுக்குக் குறைத்தேன், வீக்கம் வற்றியது. எங்கள் ஒழுங்கை வைத்தியர் பத்து ஆண்டுகளுக்கு முன்னரே இந்தப் பாதையில் ஒரு தடவை போய்த் திரும்பி வந்திருக்கிறார்.

மேசையில் இருந்த தாளில் புதிய வைத்தியர் வட்டமாக ஒரு படம் கீறினார். பிரஷர் கூடியதால் ஒருவர் அம்லோடிபினை 5 இலிருந்து 10 ஆக்கினார். அந்த அளவில் அந்த மருந்து பலருக்குக் கணுக்காலை வீங்கச் செய்யும். வீக்கத்தைக் கண்ட இன்னொருவர், நீர் போகும் குளிசையான புருசமைட்டை எழுதினார். நீரோடு பொட்டாசியமும் போனதால் இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்திருக்கலாம். காலும் முழங்காலும் நோகின்றன என்று நான் சொன்னதைக் கேட்ட மூன்றாமவர் டைக்குளோபெனாக் கொடுத்தார். அந்த வகை வலி மருந்து உடம்பில் உப்பையும் நீரையும் நிறுத்திப் பிரஷரை ஏற்றும். சீனி உள்ளவரின் சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல. ஏறிய பிரஷருக்காகத்தான் கிளினிக் மருந்துக்கு மேலாக இரண்டாவது லொசார்டன் வந்தது. ஒவ்வொரு வைத்தியரும் தமக்கு முன்னால் இருந்ததற்குச் சரியாகத்தான் செய்திருந்தார். வட்டத்தை முழுதாகப் பார்க்கும் இடத்தில் மட்டும் ஒருவரும் இருக்கவில்லை. கோப்புக்குள் அந்த அட்டையைப் பூட்டி வைத்த நாங்களும் அதற்குப் பொறுப்புத்தான்.

அவர் அன்றைக்கே எல்லாவற்றையும் நிறுத்திவிடவில்லை. வலிக் குளிசையையும், இரண்டு தடவை எடுத்த லொசார்டனில் ஒன்றையும் உடனே நிறுத்தினார். இரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினினும் பார்க்கத் துண்டு தந்தார். அதன் முடிவு வந்த பிறகு அம்லோடிபினைக் குறைத்தார். நீர்க் குளிசையைப் படிப்படியாக விட்டார். செய்த மாற்றங்களையும் காரணங்களையும் ஒரு பக்கக் கடிதமாக எழுதி, கிளினிக் கொப்பிக்குள் வைக்கும்படி தந்தார். அடுத்த கிளினிக்கில் ஓர் இளம் வைத்தியர் அதைப் படித்துவிட்டு, கொப்பியில் தாமும் திருத்தி எழுதி, கடிதத்தைப் பக்கத்தோடு சேர்த்து ஸ்ராப்பிள் அடித்தார். இரண்டு மாதங்களில் ஏழு குளிசைகள் மூன்றாகின. கணுக்காலுக்கு மேல் கட்டும் வாருள்ள செருப்பை மனைவி மறுபடியும் போடுகிறார். சம்மாங்கோட்டுக்கு இன்னும் நடந்து போகத் தொடங்கவில்லை. போகும்போது பஸ், வரும்போது நடை என்று இப்போதைக்கு வைத்திருக்கிறோம்.

இப்போது எங்கள் வீட்டு ஒழுங்கு இதுதான். மாதாந்தக் குளிசை அரச கிளினிக்கிலிருந்து வருகிறது, இலவசமாக. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை குடும்ப வைத்தியரிடம் போகிறோம். அந்தக் கட்டணத்தை நானே கட்டுகிறேன், பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குகிறேன். விசேட வைத்தியர் தேவைப்பட்டால் அவர் சொன்னவரிடம், அவருடைய கடிதத்தோடுதான் போவோம். வாட்டில் அனுமதிக்கப்பட வேண்டிய நிலை வந்தால் அக்ரஹார இருக்கிறது. அதற்குரிய படிவம், சம்பளச் சிட்டையின் பிரதி, திருமணச் சான்றிதழின் பிரதி மூன்றையும் ஓர் உறையில் போட்டுக் கதவுக்குப் பக்கத்து மேசையில் வைத்திருக்கிறேன். வெளியேறும்போது நோய் நிர்ணய அட்டையைக் கேட்டு வாங்கவும், அதில் நோயின் பெயர் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே பார்க்கவும் மகனுக்குச் சொல்லியிருக்கிறேன். அவசரமென்றால் 1990 ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், அதற்கும் காசு இல்லை. ஆனால் அது அரச வைத்தியசாலைக்குத்தான் கொண்டுபோகும் என்பதையும் வீட்டில் எல்லாரும் அறிந்திருக்கிறார்கள்.

குடும்ப வைத்தியரின் கட்டணம் எனக்குத் தாங்கும். ஆனால் எங்கள் அலுவலகத்தின் சிற்றூழியர்களுக்கு அப்படியல்ல. அவர்களுடைய சம்பளத்திலும் அக்ரஹார கழிகிறது. காய்ச்சல் வந்தால் அரைநாள் லீவு போட்டு வெளிநோயாளர் வரிசையில் நிற்பார்கள், அல்லது பாமசியில் நோயைச் சொல்லிக் குளிசை வாங்குவார்கள். டெங்கு பரவும் காலத்தில் இது உயிரோடு விளையாடும் காரியம். சாதாரண வலிக் குளிசை என்று நினைத்து எடுக்கும் ஐபுபுரூபன் டெங்குவில் இரத்தக்கசிவுக்கு வழி திறந்துவிடும். பரசிற்றமோலைத் தவிர வேறெதையும் எடுக்காதே, மூன்றாம் நாள் இரத்தத்தைப் பார் என்று சொல்ல ஒருவர் வேண்டும். அப்படிச் சொல்பவரிடம் போவதற்கான கட்டணத்தைத்தான் காப்புறுதி மதிப்பதில்லை. இரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்து வாட்டில் சேர்ந்த பிறகு நாளொன்றுக்கு இவ்வளவு என்று கொடுக்கிறது.

ஆகவே நான் ஒரு கடிதம் எழுதினேன். மருத்துவ சபையில் பதிந்த, குடும்ப மருத்துவத்தில் தகைமை பெற்ற ஒரு வைத்தியரை ஒவ்வோர் ஊழியரும் பெயர் குறித்துப் பதிந்துகொள்ளலாம் என்றும், அவரிடம் ஆண்டுக்கு ஆறு தடவை போவதற்கான கட்டணத்தில் ஒரு பகுதியை அக்ரஹார ஏற்கலாம் என்றும் கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு வழி வந்தால் வைத்தியர்களும் பற்றுச்சீட்டு எழுதுவார்கள், குறிப்பும் வைப்பார்கள். இப்போது எழுதாமல் இருப்பதற்குக் காரணமே அதைக் கேட்பார் இல்லாததுதான். கடிதத்தை முதலில் தமிழில் எழுதி, பிறகு அலுவலக நண்பரின் உதவியோடு சிங்களத்திலும் எழுதி, திணைக்களத் தலைவர் ஊடாகவும் தொழிற்சங்கம் ஊடாகவும் அனுப்பினேன். சங்கத்திலிருந்து, அடுத்த பொதுக்கூட்டத்தில் எடுத்துப் பேசுவதாகப் பதில் வந்திருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நானும் எழுந்து பேசுவேன். குளிசை வட்டம் கீறிய அந்தத் தாளை வைத்தியரிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

பழைய அட்டையில் இடம் முடிந்துவிட்டது. புதிய வைத்தியர் அதே அளவில் இன்னோர் அட்டையை வெட்டி, இரண்டையும் சேர்த்துக் குத்தி, பழைய எழுத்துக்குக் கீழே தமது எழுத்தில் தொடர்ந்திருக்கிறார். அதன் ஒரு பிரதி அவருடைய லாச்சியில், மூலம் மனைவியின் கைப்பையில். அடுத்த தவணை ஐப்பசி மாதம் முதலாவது சனிக்கிழமை, மாலை ஐந்து மணிக்கு.